ஒன்பதாவது கல்லின் திசை

லோகநாயகி அக்கா அந்தக் கற்களைக் கழுவியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மொத்தம் ஒன்பது கற்கள். இறாலைக் கழுவுவது போலத்தான் கழுவினார். முதலில் பக்கெட் தண்ணீரில் அலசினார், பிறகு தேங்காய் நாரால் தேய்த்தார், பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசினார். கற்கள் இருந்த துணிப்பைகளையும் சோப்பு போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டார். பைகளுக்குள் எண் எழுதிய சீட்டுகள் இருந்தன. அவை பறந்துவிடாமல் மொத்தமாக ஒரு டம்ளருக்கு அடியில் வைத்தார்.

அவருடைய கணவர் சுப்பன் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே பார்த்தார்.

"இன்னாமே, கல்லுல கொழம்பு வைக்கப் போறியா?"

"வச்சா வேணாம்னா சொல்லப் போற? தள்ளி நில்லு, நெழல் வுழுது."

எங்கள் தெருவில் பண்டத்தைச் சேற்றோடு யாரும் கைமாற்ற மாட்டார்கள். பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பங்கள் நாங்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவ வேண்டும். அகப்பட்டதை அப்படியே கொண்டுபோய் வியாபாரியிடம் நீட்டினால், தெருக்காரர்கள் அதை வீட்டுக்கே வந்து சொல்லிக் காட்டுவார்கள். மறுநாள் கற்களுக்குச் சொந்தக்காரரான அர்ச்சனா வந்து அவற்றை எடுத்துப் போவதாக இருந்தது. அதனால் அக்கா கழுவினார்.

இதற்கு முன்பும் அவர் அர்ச்சனாவின் கற்களைக் கழுவிக் கொடுத்திருக்கிறார். அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ஏன் இந்த முறை மட்டும் ஆனது என்று சொல்ல, நான் கொஞ்சம் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவும் ஜீப் ஓட்டும் ஜோயல் அண்ணனும் தனித்தனியாகச் சொன்னதைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அர்ச்சனா சென்னையில் ஆராய்ச்சி செய்கிறவர். அவருடைய பேராசிரியரின் ஆட்கள் ஏரிச் சேற்றை ஆழத்திலிருந்து குழாயில் எடுக்க வந்தபோது, சேற்றில் நடக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். அந்த வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அக்காவின் கைப்பலத்தைப் பார்த்துவிட்டு, அர்ச்சனா அவரைத் தன்னுடைய கல் வேலைக்கு அழைத்துக்கொண்டார். ஆந்திராவில், கூடூருக்கு மேற்கே, வயலும் குன்றும் குவாரியுமாக இருக்கும் இடத்தில்தான் அந்த வேலை. நூறு கோடி வருடங்களுக்கும் முன்னால் அங்கே ஒரு பெரிய மலைத்தொடர் இருந்ததாம். மலை தேய்ந்து போய்விட்டது. அதன் அடிப்பகுதி மட்டும் தரையில் கிடக்கிறது.

"மலையே இல்ல, அது எப்படி மடிஞ்சுதுன்னு இன்னாத்துக்குத் தேடுற?" என்று அக்கா முதல் நாளே கேட்டாராம்.

அர்ச்சனா தன் துப்பட்டாவை மடித்துக் காட்டினார். நிலம் இரண்டு பக்கத்திலிருந்து நெருக்கும்போது ஆழத்தில் சூடாக இருக்கும் கல் துணி போல மடிகிறது. பல காலம் கழித்து வேறு பக்கத்திலிருந்து இன்னொரு நெருக்கம் வந்தால், மடிந்தது மறுபடியும் மடிகிறது. முதல் மடிப்பின் கோடு இரண்டாவது மடிப்பில் வளைந்துபோகும். இரண்டாவதன் கோடு நேராக இருக்கும். வளைந்தது பழையது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்து வரிசைப்படுத்தினால் மலையின் கதை வந்துவிடும்.

"எங்க ஆளு லுங்கி மாதிரி," என்றார் அக்கா. "எந்த மடிப்பு எந்த வருசத்துதுன்னு பாத்தே சொல்லிடலாம்."

ஆனால் ஒன்று, மடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. அதற்கு கார்னெட் வேண்டும். கருஞ்சிவப்பாக, சிறு மணி போல, அந்தக் கல்லுக்குள்ளேயே வளர்ந்திருக்கும். வளரும்போது கல் நகர்ந்தால் கார்னெட்டும் உருளும். உருளும்போது சுற்றியிருக்கும் துகள்களை உள்ளே சுருட்டி வைத்துக்கொள்ளும். கல்லை முடியைவிட மெல்லிதாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்தச் சுருள் தெரியும். அது இடப்பக்கம் சுழன்றிருக்கிறதா, வலப்பக்கமா என்பதை வைத்து மலை எந்தத் திசையில் தள்ளப்பட்டது என்று சொல்லலாம்.

அதற்குக் கல் தரையில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். எது மேல், எது வடக்கு என்று பெயர்ப்பதற்கு முன்பே கல்லின் மேல் அம்பு போட்டுவிட வேண்டும். அம்பு இல்லாத கல்லைக் கவிழ்த்து வைத்தால் இடம் வலமாகிவிடும்.

அர்ச்சனா எப்போதும் கறுப்பு மையால்தான் அம்பு போடுவார். நாரால் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. சனிக்கிழமை குவாரியில் அந்தப் பேனா வெயிலில் காய்ந்துவிட்டது. சாக்பீஸால் போட்டுவிட்டு, ஊருக்குப் போய் மையால் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அக்கா அப்போது ஜீப்புக்குக் கல் சுமந்துகொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பழவேற்காட்டில் ஜீப்பின் கிளட்ச் போய்விட்டது. கற்கள் அக்கா வீட்டில் இறங்கின. அர்ச்சனா பொன்னேரிக்கு பஸ் பிடித்து ரயிலில் சென்னைக்குப் போய்விட்டார். சேறு பூசிய கல்லில் வெள்ளைக் கோடு இருந்தது அக்காவின் கண்ணில் படவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அர்ச்சனா வந்தார். வெயிலில் காய வைத்திருந்த ஒன்பது கற்களும் மைக்கா மின்ன அழகாக இருந்தன. அவர் ஒன்றை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

"அக்கா, அம்பு எங்க?"

"எந்த அம்பு?"

"சாக்பீஸ்ல போட்டிருந்தேன்கா."

"பேனால போடலியா நீ?"

"காஞ்சு போச்சு. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்." அர்ச்சனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சீட்டு? பைக்குள்ள நம்பர் சீட்டு இருந்துச்சே?"

அக்கா டம்ளரைத் தூக்கிக் காட்டினார். ஒன்பது சீட்டும் இருந்தன. எது எந்தக் கல்லுடையது என்றுதான் யாருக்கும் தெரியாது.

மூன்று வருட வேலையின் கடைசிக் கற்கள் அவை. அக்காவுக்கும் அந்த வேலையில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. ஜூன் மாதத்திலிருந்து சென்னையில் கல் அறுக்கும் கூடத்தில் அவரை உதவிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அர்ச்சனா பேராசிரியரிடம் கேட்டிருந்தார். அக்கா ஒரு வருடமாகக் கல்லைச் சுமக்கிறார், ஆனால் ஒரு கல்லின் உள்ளேகூடப் பார்த்ததில்லை. அந்த மெஷினில் தன் கையால் அறுத்து, அந்தச் சுருளைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

"போயி வேற கல்லு எடுத்துக்கலாமே?" என்றார்.

"கார்னெட் இருக்கிற பட்டை ஒரு முழம்தான்கா. கையால பேர்க்க முடிஞ்சதெல்லாம் பேந்து வந்துடுச்சு. மிச்சம் மெஷின் வச்சாத்தான் வரும்."

அக்கா ஒரு கல்லை எடுத்து அதன் உடைந்த ஓரத்தைத் தடவினார். பிறகு கேட்டார். "அம்பு போனா இன்னா, குழி அங்கதான கீது? எடுத்த குழியிலயே திரும்ப உக்கார வச்சா?"

அர்ச்சனா தலையை நிமிர்த்தினார். உடனே குவாரி மேஸ்திரி திருவேங்கடத்துக்கு போன் போட்டார். அவர் ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்.

"அந்தப் பாறை முகமா? இன்னைக்கு வெடி பெட்டுறோம்மா. பன்னெண்டரைக்கு வெடிமருந்து வண்டி வரும். வந்துட்டா எவனையும் கிட்ட விட மாட்டேன்."

"ஒரே ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமாண்ணா?"

"அது என் கையில லேதம்மா. எழுதிக் குடுத்து நாள் வாங்கியாச்சு. வர்றதுன்னா சீக்கிரம் வா."

அக்கா காய்ந்த பைகளில் கற்களைப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஜோயல் அண்ணன் அன்று விடியற்காலையில்தான் கிளட்சை மாற்றி முடித்திருந்தார். கையில் கிரீஸோடு வண்டியை எடுத்தார்.

தடாவைத் தாண்டும்போது பேராசிரியர் அழைத்தார். அர்ச்சனா ஸ்பீக்கரை அணைப்பதற்குள் அவர் குரல் ஜீப் முழுக்கக் கேட்டுவிட்டது. "கல்லைக் கழுவினாங்களா? அவங்களையா அறுக்குற இடத்துக்கு எடுத்துக்கச் சொன்னே?"

"சாக்பீஸ்ல போட்டது நான் சார்," என்று அர்ச்சனா சொன்னார். அதற்குப் பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யக்கா, உன்ன ஒண்ணும் சொல்லல," என்றார் ஜோயல். "என் கிளட்ச்சத்தான் திட்றாரு."

"நீ ரோட்ட பாரு."

சூளூர்ப்பேட்டையில் லாரிகள் மறித்துக்கொண்டு நின்றதில் இருபது நிமிடம் போனது. குவாரிக்குள் ஜீப் நுழையும்போது பத்து ஐம்பது. இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம்.

பாறை முகம் சனிக்கிழமை பார்த்தது போல இல்லை. மேலே துளை போடும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வழிந்த தண்ணீரும் கல் தூளும் சாம்பல் நிறச் சேறாக இறங்கிப் பாறையின் கால் பக்கத்தை மூடியிருந்தன. கற்கள் எடுத்த குழிகளில் நான்குதான் வெளியே தெரிந்தன. மற்ற ஐந்தும் சேற்றுக்குள் இருந்தன. மேஸ்திரி மெஷினை நிறுத்தச் சொல்லி, மூன்று பேருக்கும் தொப்பி கொடுத்தார்.

"மேல பாத்துக்கினே இருங்க. நான் விசிலடிச்சா ஓடியாரணும். கல்லு கில்லு எதுவும் பேசக் கூடாது."

தெரிந்த நான்கு குழிகளிலும் ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்தார்கள். முதல் கல் ஆறாவது முயற்சியில் உட்கார்ந்தது. சரியான கல் சரியான பக்கமாக வந்ததும், உடைந்த விளிம்பின் பற்கள் எல்லாம் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு, கையை எடுத்தாலும் அசையவில்லை. அர்ச்சனா நோட்டில் சனிக்கிழமை வரைந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கடப்பாரையைத் தூரத் தள்ளச் சொன்னார், இரும்பு பக்கத்தில் இருந்தால் காம்பஸ் முள் திரும்பிவிடும். திசையைப் பார்த்துப் புது பேனாவால் அம்பு போட்டார். நான்கு கற்களும் முடியும்போது பதினொன்றே முக்கால்.

சேற்றுக்குள் இருந்த குழிகளை ஜோயல் ஒரு தகரத்தால் வாரிப் பார்த்தார். வாரிய இடத்தில் மறுபடி சேறு இறங்கியது.

"இது ஆவாது," என்றார்.

"நீ வாராத, கலங்குது," என்று சொல்லிவிட்டு, அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்கை வரை உள்ளே விட்டார். கண்ணை மூடவில்லை, ஆனால் எதையும் பார்க்கவும் இல்லை என்று ஜோயல் சொன்னார். ஒரு குழியின் உள்விளிம்பு முழுவதையும் விரலால் சுற்றி வந்தார். பிறகு ஒரு கையை வெளியே எடுத்து நீட்டினார்.

"மூலையில மூக்கு மாதிரி ஒண்ணு நீட்டிக்கினு கீது. அது போயி உக்கார்ற மாதிரி பள்ளம் எந்தக் கல்லுல?"

அர்ச்சனா ஒரு கல்லைக் கொடுத்தார். அக்கா தடவினார். "இது இல்ல. அந்த நீட்டுக் கல்ல குடு."

நீட்டுக் கல் சேற்றுக்குள் போனது. ஒரு முறை திரும்பியது. இன்னொரு முறை திரும்பியது. பிறகு அக்காவின் தோள் இறங்கியது.

"உக்காந்துச்சு. ஆட்டிப் பாரு நீ."

அர்ச்சனா ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சேற்றுக்கு மேலே தெரிந்த பகுதியைத் துணியால் துடைத்து அம்பு போட்டார்.

ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. பாறையின் விளிம்பு கீறி அக்காவின் விரலில் இரத்தம் வந்தது. ஏரியில் சிப்பி கிழிக்காத கை அல்ல அது, அவர் உதறிவிட்டு மறுபடி உள்ளே விட்டார். எட்டாவது கல் உட்காரும்போது பன்னிரண்டு பதினேழு. ஜோயல் நிமிடத்துக்கு ஒரு தடவை மணி சொல்லிக்கொண்டிருந்தார்.

"டேய், நீ வாய மூடுனா ரெண்டு நிமிசம் கூடவே கெடைக்கும்," என்றார் அக்கா.

ஒன்பதாவதுதான் பெரிய கல். செங்கல் அளவு, தட்டையாக இருக்கும். அதில்தான் பெரிய கார்னெட்டுகள் இருந்தன. மற்ற எட்டிலும் கடைசி நெருக்கத்தின் அடையாளம்தான் இருந்தது. முதல் நெருக்கத்தில் மலை எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்பதை உள்ளே சுருட்டி வைத்திருந்தது இது ஒன்றுதான். குழியும் ஒன்றுதான் மிச்சம். அக்கா கல்லை வைத்தார். உட்கார்ந்தது. எடுத்து, கவிழ்த்து வைத்தார். அப்போதும் உட்கார்ந்தது. குழியின் ஒரு மூலையை மண் வாரும் மெஷினின் பல் பெயர்த்துப் போட்டிருந்தது. கல்லைக் கவ்வ வேண்டிய இடமே அங்கே இல்லை.

அக்கா மறுபடி தடவினார். விளிம்பை இரண்டு முறை சுற்றி வந்தார்.

குவாரி வாசலில் ஹாரன் கேட்டது. மருந்து வண்டி. மேஸ்திரி கையை ஆட்டினார்.

"எப்படி வச்சா நல்லா உக்காருது?" என்றார் அர்ச்சனா.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."

"கொஞ்சமாவது வித்தியாசம் இருக்கும்கா. நல்லா பாருங்க."

"பாத்துக்கினுதான கீறேன்."

விசில் ஊதியது. அர்ச்சனா பேனாவின் மூடியைத் திறந்தார். "முதல்ல வச்ச பக்கம். கிழக்கேருந்து தள்ளியிருக்கணும். சாரும் அப்படித்தான் எழுதியிருக்காரு. போட்டுடறேன்."

அக்கா கல்லின் மேல் கையை விரித்து வைத்தார். சேறும் இரத்தமும் கல்லில் ஒட்டின.

"நீ போட்டது ஞாபகம் கீதா?"

"இல்ல."

"படத்துல கீதா?"

"இது கடைசிக் கல்லு. அவசரத்துல கல்லோட நீள அகலம் மட்டும்தான் எழுதினேன். படம் போடல."

"அப்ப எப்படிப் போடுவ?"

"அக்கா, இது இல்லன்னா என் வேலைல பாதி இல்ல. உங்களுக்கும்தான். சார் என்ன சொன்னாருன்னு கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்." அக்கா கையை எடுக்கவில்லை. "இன்னா மேடம் நீ. உள்ள கைய வுட்டு, இறால் கீதா இல்லையான்னு தெரியாம பறியில போட்டுக்க முடியுமா? எனக்குத் தெரியல. என் கைக்கே தெரியாதது உன் பேனாவுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டாவது விசில் நீளமாக ஊதியது. "ஏம்மா! சாவுறதுக்கா வந்தீங்க!" என்று மேஸ்திரி கத்திக்கொண்டே இறங்கி வந்தார். அக்கா கல்லைக் குழியிலிருந்து பிடுங்கி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். அர்ச்சனா பேனாவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

இரண்டு மணிக்கு வெடித்தபோது அவர்கள் ரோட்டோர டீக்கடையில் இருந்தார்கள். கண்ணாடி டம்ளர்கள் குலுங்கின. ஒன்பதாவது கல் அக்காவின் மடியில் இருந்தது.

புதன்கிழமை அக்காவைச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். பேராசிரியர் மேசையில் ஒன்பது கற்களையும் வரிசையாக வைத்திருந்தார். எட்டில் கறுப்பு அம்பு இருந்தது. ஒன்பதாவதில் எதுவும் இல்லை.

"நீங்கதான் கழுவினதா?"

"ஆமா சார்."

"இதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"ரெண்டு பக்கமும் உக்காருது சார்."

"எது அதிகம் சரியா இருந்துச்சு? தோணுறதைச் சொல்லுங்க, பரவாயில்ல."

"தோணுறது ஒண்ணும் இல்ல சார். ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் ஐந்தாவது கல்லை எடுத்தார். "இது?"

"அது கெட்டியா உக்காந்துச்சு. கைய எடுத்தும் வரல. இந்த மேடமும் ஆட்டிப் பாத்துச்சு."

பேராசிரியர் எட்டுக் கற்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா எது எந்தக் குழி, எந்த மூலையில் என்ன இருந்தது என்று சொன்னார். அவர் அர்ச்சனாவின் நோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் நோட்டை மூடிவிட்டு, ஒன்பதாவது கல்லைத் தனியாகத் தள்ளி வைத்தார். அர்ச்சனாவிடம், "முதல் நெருக்கம், திசை தெரியவில்லைன்னு எழுது," என்றார். அர்ச்சனா நோட்டைத் திறந்து எழுதினார்.

ஜூன் மாதம் பேராசிரியரே சொல்லி அனுப்ப, அக்கா கல் அறுக்கும் கூடத்துக்குப் போக ஆரம்பித்தார். இப்போதும் காலை ஐந்தரை பஸ்ஸில் போகிறார். முதல் வாரம் முழுக்கத் தேய்க்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணாடியில் ஒட்டிய கல்லை வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்க்க வேண்டும், ஒரு நொடி அதிகமானால் கல்லே இருக்காது. மூன்று துண்டுகளைப் பாழாக்கினார். பழகுவதற்கு என்று அவரிடம் கொடுத்தது அந்த ஒன்பதாவது கல்லைத்தான், வேறு எதற்கும் அது உதவாது என்பதால். நான்காவது துண்டு தேறியது.

அர்ச்சனா அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, நகர்ந்து இடம் விட்டார். அக்கா குனிந்தார். வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கார்னெட் வட்டமாக இருந்தது. அதற்குள் கறுப்புத் துகள்கள் நடுவிலிருந்து கிளம்பி, நண்டு வளையின் வாசல் மண் போல, சுருண்டு சுருண்டு ஓரத்துக்கு வந்திருந்தன. அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கல் ஒட்டிய கண்ணாடியை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்தார். சுருள் இப்போது எதிர்ப்பக்கம் சுழன்றிருந்தது. மறுபடி நிமிர்த்தி வைத்தார்.

"இந்தப் பட்டை வேற எங்கனா மேல வந்திருக்குமா?" என்று கேட்டார்.

"வடக்க இருக்கலாம். மேப்புல இல்ல. நடந்துதான்கா தேடணும்."

"எவ்ளோ தூரம்?"

"தெரியாது. அறுபது, எழுபது கிலோமீட்டர்."

"எப்ப போறோம்?"

"வெயில் கொறையட்டும்கா."

"கொறையட்டும், கொறையட்டும்," என்று சொல்லிவிட்டு, அக்கா மறுபடியும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.